புயல் காற்று: அறிவிப்பில் சொன்ன வேகத்தையும் நம் ஊரில் அளந்த வேகத்தையும் ஒப்பிடுவது எப்படி?

2020 நவம்பர் 25ஆம் தேதி நள்ளிரவையொட்டி நிவர் புயல் புதுச்சேரிக்குச் சற்று வடக்கே கரையைக் கடந்தபோது, காற்று மணிக்கு 120 முதல் 130 கிலோமீட்டர் வேகத்திலும், இடையிடையே 145 கிலோமீட்டர் வேகத்திலும் வீசியதாக இந்திய வானிலை ஆய்வுத் துறை அறிவித்தது. மறுநாள் காலையில் கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் தெருவில் விழுந்து கிடந்தவை முருங்கைக் கிளைகளும் ஒரு தகரக் கூரையும்தான். "நூத்தி முப்பதுன்னு சொன்னாங்களே தம்பி, இங்க அதுல பாதிகூட அடிக்கலையே" என்றார் பக்கத்து வீட்டுப் பெரியவர். 2011ஆம் ஆண்டு தானே புயலில் பண்ருட்டிப் பக்கத்துப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்ததை நேரில் பார்த்தவர் அவர் என்பதால், அந்தக் கேள்வியை என்னால் எளிதாகத் தள்ளிவிட முடியவில்லை. பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும், அதற்கு நாமே விடை காணலாம்.

படி 1: அறிவிப்பில் உள்ள எண் எதைக் குறிக்கிறது என்று பாருங்கள்

அறிவிப்பில் வரும் முதல் எண் சராசரி வேகம். "இடையிடையே" என்ற சொல்லுக்குப் பின் வருவது சில வினாடிகளே நீடிக்கும் வீச்சு. நம் நாட்டில் அந்தச் சராசரி 3 நிமிடங்களுக்கு எடுக்கப்படுகிறது. அமெரிக்காவில் ஹரிகேன் எனப்படும் புயல்களுக்கு 1 நிமிடச் சராசரியும், உலக வானிலை அமைப்பின் பொது வழக்கில் 10 நிமிடச் சராசரியும் எடுக்கப்படுகின்றன. சராசரிக்கான நேரம் குறையக் குறைய எண் பெரிதாகும் என்பதால், ஒரே புயலுக்கு இரண்டு நாட்டுச் செய்திகளில் இரண்டு வேகங்கள் வருவதைக் கண்டு குழம்ப வேண்டியதில்லை.

இன்னொன்றையும் மனத்தில் கொள்ளுங்கள்: அது எந்த ஊரின் வேகமும் அன்று. தடையில்லாத வெளியில், 10 மீட்டர் உயரத்தில், புயலின் எந்த மூலையிலாவது வீசக்கூடிய உச்ச வேகம் அது. பெரும்பாலும் புயலின் கண்ணை, அதாவது நடுவிலுள்ள அமைதியான பகுதியைச் சுற்றிய குறுகிய வளையத்தில் மட்டுமே காணப்படும். நடுக்கடலில் கருவி இருப்பது அரிது; ஆகவே செயற்கைக்கோள் படத்தில் மேகச் சுருளின் அமைப்பைப் பார்த்து, துவோராக் முறைப்படி ஓர் எண் கொடுத்து, அதிலிருந்து வேகத்தை மதிப்பிடுகிறார்கள். அந்த எண் 4.0 என்றால் 65 நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல் என்று சொல்லும் அலகு), 5.0 என்றால் 90 நாட்.

படி 2: உங்கள் அளவீட்டின் ஜாதகத்தை எழுதுங்கள்

அளந்த இடம், தரையிலிருந்து கருவியின் உயரம், சுற்றியுள்ள தடைகள், எண் சராசரியா வீச்சா என்ற விவரம், நேரம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். இவற்றில் பலரும் விட்டுவிடுவது தடைகளைத்தான்.

எங்கள் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்கு அருகே ஒரு குழாயில் கிண்ண வடிவக் காற்றுவேகமானியைக் கட்டியிருந்தேன். தொட்டி இல்லாத பக்கமிருந்து காற்று வரும்போது கிண்ணங்கள் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுழன்றன. தொட்டியின் பின்னாலிருந்து வந்தபோதோ ஒவ்வொரு கிண்ணத்தையும் எண்ணிவிடலாம் போல மெதுவாயின. எதிர் வீட்டுத் தென்னையின் மட்டைகள் அப்போதும் ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்றன. அந்த அளவீடு கடலூரின் காற்றைச் சொல்லவில்லை, எங்கள் தொட்டியின் நிழலைச் சொன்னது. மாடியில் அளந்த எண்ணை இக்கணக்கில் சேர்க்காமல், திறந்த மைதானத்திலோ வானிலை ஆய்வு நிலையத்திலோ அளந்ததை எடுப்பதே நல்லது.

படி 3: அலகையும் நேரத்தையும் ஒன்றாக்குங்கள்

நாட் அலகில் உள்ள எண்ணை 1.852ஆலும், வினாடிக்கு மீட்டரை 3.6ஆலும் பெருக்கினால் மணிக்குக் கிலோமீட்டர் கிடைக்கும். பன்னாட்டு நேரத்துடன் (UTC) ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டினால் இந்திய நேரம் கிடைக்கும்.

படி 4: வீச்சைச் சராசரியாக்குங்கள்

ஒப்பீடு பெரும்பாலும் தவறிப்போவது இங்கேதான். திறந்த பள்ளி மைதானத்தில் 5 மீட்டர் கம்பத்தில் இருந்த கருவி, உச்ச வீச்சாக 90 கிலோமீட்டரைக் காட்டியது என்று வைத்துக்கொள்வோம். உலக வானிலை அமைப்பின் வழிகாட்டுதல்படி, 3 வினாடி வீச்சுக்கும் 10 நிமிடச் சராசரிக்கும் உள்ள விகிதம் கடல்மேல் 1.23, உள்நிலத்தில் 1.66. மரமும் வீடும் காற்றைக் கலக்குவதால் நிலத்தில் சராசரி குறைந்து, வீச்சு அதைவிட வெகுவாக மேலெழும். ஆகவே 90ஐ 1.66ஆல் வகுத்தால் சராசரி 54.

அறிவிப்பின் 120ஐயும் 10 நிமிட அளவுக்குக் கொண்டுவர வேண்டும். கடல்மேல் 1 நிமிடச் சராசரியை 0.93ஆல் பெருக்கினால் 10 நிமிடச் சராசரி கிடைக்கும். நம்முடையது 3 நிமிடச் சராசரி என்பதால் விடை 112க்கும் 120க்கும் இடையில் இருக்கும். 115 என்று கொள்ளலாம்.

படி 5: உயரத்தைச் சரிசெய்யுங்கள்

தரையை நெருங்க நெருங்கக் காற்றின் வேகம் குறையும். புல்வெளி போன்ற திறந்த நிலத்தில் 5 மீட்டரில் அளந்ததை 1.14ஆலும், 3 மீட்டரில் அளந்ததை 1.26ஆலும் பெருக்கினால் 10 மீட்டர் உயரத்துக்கான வேகம் கிடைக்கும். நம் 54 இப்போது ஏறத்தாழ 62 ஆகிறது.

படி 6: புயலின் எந்தப் பக்கத்தில் இருந்தீர்கள்?

62க்கும் 115க்கும் இடையே எஞ்சிய வேறுபாட்டைக் கருவியின் குறை என்றோ அறிவிப்பின் மிகை என்றோ உடனே முடிவுகட்டாதீர்கள், வரைபடத்தை எடுங்கள். நம் கரையில் மேற்கு நோக்கி வரும் புயலுக்கு வடபகுதியில்தான் வலிமை அதிகம். அங்கே சுழற்சியின் வேகத்தோடு புயல் நகரும் வேகமும் சேர்கிறது, காற்றும் கடலிலிருந்து நேரே வருகிறது. தென்பகுதியில் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி, வயலையும் ஊரையும் தேய்த்துக்கொண்டு வந்து சேரும். நிவர் கரையேறிய இடம் கடலூருக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர் வடக்கே; நாங்கள் அந்தத் தென்பகுதியில் இருந்தோம். காற்று தள்ளும் விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், 62ஐவிட 115 மூன்று மடங்குக்கும் அதிகமாகத் தள்ளும். தெருவில் முருங்கைக் கிளையோடு போனதற்கு இதுவே காரணம்.

நிலத்தில் குறைவாகப் பதிவானதால் மட்டும் அறிவிப்பு பொய்யாகிவிடாது. 2018 அக்டோபர் 10 அன்று அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் கரையேறிய மைக்கேல் ஹரிகேனின்போது டிண்டால் விமானப்படைத் தளத்தில் பதிவான வீச்சு மணிக்குச் சுமார் 224 கிலோமீட்டர். அப்படியிருந்தும் எல்லாத் தரவுகளையும் மறு ஆய்வு செய்த வல்லுநர்கள், அடுத்த ஆண்டு ஏப்ரலில் அதன் சராசரி வேகத்தைச் சுமார் 260ஆக உயர்த்தி, ஹரிகேன்களில் மிக வலிமையானவற்றுக்கான ஐந்தாம் வகையில் சேர்த்தார்கள்.

படி 7: விடையை வரம்பாக எழுதுங்கள்

"62" என்று எழுதாமல், "55 முதல் 70 வரை" என்பதுபோல எழுதுங்கள்; விகிதங்கள் யாவும் தோராயமானவை. மின்சாரம் நின்றோ கம்பம் சாய்ந்தோ பதிவு பாதியில் அறுந்திருந்தால், "குறைந்தபட்சம் இவ்வளவு" என்ற குறிப்பைச் சேர்ப்பது கட்டாயம்.

இந்தக் கணக்கைப் பெரியவரிடம் காட்டியபோது, அவர் வரைபடத்தையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப தானே வந்தன்னைக்கு நாம எங்க இருந்தோம்?" என்று கேட்டார். 2011 டிசம்பர் 30 காலையில் அது கடலூரையொட்டியே 120 முதல் 140 கிலோமீட்டர் வேகத்தில் கரையேறியது என்று சொல்லி, கண்ணைச் சுற்றிய வளையத்தைப் பென்சிலால் நம் ஊரின் மேலேயே வரைந்து காட்டினேன்.