ஈர எடையா, உலர் எடையா? ஆய்வுக் கட்டுரையை ஜர்னலுக்கு அனுப்பும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எட்டு மாதம் விடியற்காலையில் எண்ணூர் முகத்துவாரத்தில் படகேறி, மடவை மீனை வாங்கி, ஐஸ் பெட்டியில் கல்லூரிக்குக் கொண்டுவந்து, அதன் தசையில் ஈயம் எவ்வளவு, காட்மியம் எவ்வளவு என்று அளந்து எழுதியது என் முதல் கட்டுரை. ஜர்னலுக்காகக் கட்டுரையை மதிப்பிடும் ரிவ்யூவர் கேட்ட ஒரே கேள்வியில் அது நின்றுபோனது: "அட்டவணையில் இருப்பது ஈர எடையா, உலர் எடையா?"

நான் அதை எழுதவே இல்லை. உலர்த்திப் பொடித்துத்தான் அளந்தேன். எனக்குத் தெரிந்த விஷயம் என்பதால் எழுதத் தோன்றவில்லை. மீன் தசையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். உலர்ந்த பொடியில் கிலோவுக்கு 0.9 மில்லிகிராம் ஈயம் என்றால், நாம் வாங்கிச் சமைக்கும் ஈரமான மீனில் அது 0.2 அளவில்தான் இருக்கும். சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் மீனில் ஈயத்துக்கு வைத்திருக்கும் வரம்பு 0.3. அந்த வரம்பு ஈர எடைக்கானது. நான் என் உலர் எடை எண்ணை அதன் பக்கத்தில் வைத்து, "வரம்பைப்போல் மூன்று மடங்கு" என்று முடிவுரையில் எழுதியிருந்தேன். கட்டுரை ரிஜெக்ட் ஆனது. ஆனதும் சரிதான். அச்சாகியிருந்தால் தவறான செய்தி ஊருக்குப் போயிருக்கும்.

இப்போது தண்டையார்பேட்டையில் என் வீட்டுக்கு மாணவர்கள் கட்டுரைகளோடு வருகிறார்கள். பலர் அவர்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரிகள். வேலை நன்றாகச் செய்திருக்கிறார்கள், கட்டுரையில்தான் அந்த வேலை தெரிவதில்லை. திரும்பத் திரும்பப் பார்க்கும் தவறுகளை இங்கே எழுதுகிறேன். சுற்றுச்சூழல் என் துறை என்பதால் உதாரணங்கள் அங்கிருந்துதான் வரும். மற்ற துறைக்காரர்கள் மீனுக்குப் பதில் தங்கள் பொருளை வைத்துப் படித்துக்கொள்ளலாம்.

நமக்குத் தெரியும் என்று விட்டுவிடுவது

எண்ணூர் என்றால் நமக்குக் கண்முன் வந்துவிடும். ரிவ்யூவர் நார்வேயிலோ பிரேசிலிலோ உட்கார்ந்திருப்பார். அவருக்கு அது வரைபடத்தில் ஒரு புள்ளி. அந்தப் புள்ளியைக்கூடப் பலர் தருவதில்லை. மாதிரி எடுத்த ஒவ்வொரு இடத்துக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை, தேதி, கடல் ஏற்றமா வற்றமா, வடகிழக்குப் பருவமழைக்கு முன்னா பின்னா, எல்லாம் வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தது. அந்த ஆண்டின் மாதிரி என்று மட்டும் எழுதினால், எண்ணெய்க்கு முந்தியதா பிந்தியதா என்று தெரியாமல் அந்த எண்களை யாரும் பயன்படுத்த முடியாது. எண்ணூரில் கடலில் சேரும் ஆற்றின் பெயரிலும் கவனம் வேண்டும். கொசஸ்தலை, கொற்றலை, கோர்த்தலையாறு என்று நாம் பலவிதமாகச் சொல்கிறோம். ஆங்கிலத்தில் ஒரே கட்டுரைக்குள் மூன்று எழுத்துக்கூட்டல் வந்தால், வெளியூர்க்காரர் மூன்று ஆறுகள் என்றே நினைப்பார்.

இதைவிடப் பெரிய தவறு ஒன்று உண்டு. தலைப்பில் "எண்ணூர்க் கழிமுக மீன்கள்" என்று இருக்கும். மீன் வாங்கியது காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில். காசிமேட்டில் ஏலம் போகும் மீன் எந்தக் கடலிலிருந்து வந்தது என்று படகுக்காரரைக் கேட்டால்தான் தெரியும். பல விசைப்படகுகள் வடக்கே ஆந்திரக் கடல் வரைக்கும் போகின்றன. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். மே மாதம் அங்கே வாங்கிய உள்ளூர் மீன் விசைப்படகில் வந்திருக்காது, கரையோரம் போகும் சிறு படகில் வந்திருக்கும். ஜனவரி மீனையும் மே மீனையும் ஒப்பிட்டுப் "பருவ வேறுபாடு" என்று ஒரு மாணவர் எழுதியிருந்தார். அது பருவத்தின் வேறுபாடா, மீன் பிடித்த இடத்தின் வேறுபாடா? காசிமேட்டில் வாங்குவதில் தப்பில்லை. வாங்கியது காசிமேட்டில் என்று தலைப்பும் செய்முறையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

அடுத்தது எண்ணிக்கை. மூன்று மீன், ஒவ்வொன்றையும் கருவியில் மூன்று முறை அளந்தாயிற்று. கட்டுரையில் மாதிரி எண்ணிக்கை 9 என்று இருக்கும். இல்லை, 3 தான். ஒரே மீனை மூன்று முறை அளந்தால் கருவி எவ்வளவு நிலையாக இருக்கிறது என்று தெரியும், மீனுக்கு மீன் என்ன வேறுபாடு என்று தெரியாது. இந்த ஒரு தவறு உள்ளே இருந்தால் அதன்மேல் கட்டிய புள்ளியியல் முழுவதும் சரிந்துவிடும். கட்டுரை எழுத உட்காரும்போது இதைச் சரிசெய்ய வழியில்லை, மறுபடி போய் மீன் எடுத்துத்தான் ஆக வேண்டும். அதனால் மாதிரி எடுக்கும் முன்பே செய்முறைப் பகுதியை ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள் என்று என் மாணவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

கருவி கண்டுபிடிக்க முடியாத அளவு வந்தால் சுழியம் என்று எழுதுவதும் கூடாது. "கண்டறியும் எல்லைக்குக் கீழே" என்று எழுதி, அந்த எல்லை எவ்வளவு என்றும் தர வேண்டும். அளவீடு சரிதான் என்பதற்குச் சான்றளிக்கப்பட்ட ஒப்பீட்டுப் பொருளை (உள்ளே எவ்வளவு உலோகம் என்று முன்பே உறுதிசெய்த பொருள்) உங்கள் மாதிரியோடு சேர்த்து அளந்து, எத்தனை சதவீதம் மீண்டு வந்தது என்று காட்டுங்கள். மீனுக்கு கனடா தேசிய ஆராய்ச்சி மன்றம் தரும் மீன் புரதப் பொடி பலருக்கும் தெரிந்தது. விலை அதிகம், உண்மைதான். பக்கத்துக் கல்லூரியோடு பகிர்ந்து வாங்கலாம்.

மருத்துவ ஆய்வு செய்பவர்களுக்கு ஒன்று. சிகிச்சைச் சோதனை என்றால் இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே பதிந்திருக்க வேண்டும். 2007-இல் தொடங்கிய அந்தப் பதிவேடு 2018 ஏப்ரல் முதல், ஆய்வு தொடங்கிய பின் செய்யும் பதிவை ஏற்பதில்லை. நெறிமுறைக் குழுவின் அனுமதி எண்ணும் அப்படித்தான். கட்டுரை எழுதும்போது தேடினால் கிடைக்காது.

எண்களை அப்படியே கொட்டுவது

எக்செல் தந்த 0.347826 அட்டவணையில் அப்படியே உட்கார்ந்திருக்கும். கருவியின் துல்லியம் இரண்டு இலக்கம் என்றால் 0.35 போதும். "2.4 ± 0.3" என்று எழுதிவிட்டு, அந்த 0.3 திட்ட விலக்கமா திட்டப் பிழையா என்று சொல்லாமல் விடுவது அடுத்தது. எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் மென்பொருளின் திரையில் பி மதிப்பு 0.000 என்று வரும். அதை நகலெடுக்காதீர்கள். பி மதிப்பு ஒருபோதும் சுழியம் ஆகாது, "0.001-ஐ விடக் குறைவு" என்று எழுத வேண்டும்.

மரபணுப் பட்டியலோடு வேலை செய்பவர்கள் எக்செலை நம்பி விட்டுவிட வேண்டாம். செப்ட்2, மார்ச்1 போன்ற பெயர்களை அது தேதியாக மாற்றிவிடும். இந்தத் தொல்லை தாங்காமல் 2020-இல் பெயரிடும் குழு அந்த மரபணுக்களின் பெயர்களையே மாற்றியது.

அட்டவணையில் இருப்பதையே பத்தியிலும் எழுதி, அதையே வரைபடமாகவும் போடுவது வேண்டாம். ஒன்று போதும்.

அளவுக்கு மீறிச் சொல்வது

இதைப் பற்றி எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. வட சென்னையில் ஆய்வு செய்பவர் யாருக்கும் கோபம் வராமல் இருக்காது. சாம்பல், புகை, எண்ணெய் எல்லாவற்றையும் நாம் கண்ணால் பார்க்கிறோம். அந்தக் கோபம் முடிவுரைக்குள் வந்து, "இந்தத் தொழிற்சாலைகளே காரணம்" என்று எழுதவைக்கிறது. ஆனால் டேட்டாவில் இருப்பது மூன்று இடங்களில் எடுத்த சேற்றின் ஈய அளவு மட்டும். மூலம் எது என்று காட்ட ஐசோடோப்பு விகிதமோ, தொழிற்சாலைகளுக்கு மேலே, ஆற்றின் மேல்பகுதியில் எடுத்த ஒப்பீட்டு மாதிரியோ வேண்டும். அது இல்லாமல் எழுதினால் ரிவ்யூவர் முதலில் கைவைப்பது அங்கேதான். அதற்குப் பிறகு உங்கள் நல்ல எண்களையும் அவர் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. எனக்கு மீன் பிடித்துக் கொடுத்த அண்ணன் முதல் நாளே கேட்டார், "இதைச் சாப்பிடலாமாம்மா?" என்று. அவர் வீட்டில் தினமும் அதே மீன்தான். தாழங்குப்பத்திலும் காட்டுக்குப்பத்திலும் கூடையில் மீன் வைத்து விற்கும் பெண்களுக்கு, "எண்ணூர் மீனில் விஷம்" என்று ஒரு வரி பரவினால் மறுநாள் வியாபாரம் இருக்காது. நாம் எழுதுவது உண்மையாக இருந்தால் எழுதத்தான் வேண்டும், பயந்து மழுப்பக் கூடாது. ஆனால் வாரம் எத்தனை கிராம் சாப்பிடும் எத்தனை கிலோ எடையுள்ள ஆளுக்கு, எந்த உலோகத்தால், எவ்வளவு ஆபத்து என்று கணக்கோடு எழுத வேண்டும். எதை அளக்கவில்லை என்பதையும் நாமே சொல்லிவிட வேண்டும். தன் ஆய்வின் வரம்புகளை ஒரு பத்தியில் வெளிப்படையாக எழுதும் கட்டுரையை எடிட்டர்கள் மதிக்கிறார்கள்.

யார் பெயர் வரலாம்

மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு நான்கு நிபந்தனை வைத்திருக்கிறது: ஆய்வின் திட்டத்திலோ தரவிலோ கணிசமான பங்கு, கட்டுரையை எழுதியதிலோ திருத்தியதிலோ பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், முழுக் கட்டுரைக்கும் பொறுப்பேற்கும் சம்மதம். நான்கும் சேர்ந்து இருந்தால்தான் ஆசிரியர். துறைத்தலைவர் என்பதற்காக ஒருவர் பெயரைச் சேர்ப்பதும், கருவியை ஓட்டி டேட்டாவை அலசித் திருத்தமும் செய்த இளைய மாணவியின் பெயரை விடுவதும் ஒரே அளவு தவறு. பேசச் சங்கடமாக இருக்கும், தெரியும். வேலை தொடங்கும்போதே கைடிடம் பேசிவிட்டால் அந்தச் சங்கடம் பாதியாகக் குறையும். படகு ஓட்டியவர், வலை இழுத்தவர் பெயர்களை அவர்களைக் கேட்டு நன்றிப் பகுதியில் போடுங்கள். பெயர் வேண்டாம் என்றால் ஊரைச் சொல்லி நன்றி சொல்லுங்கள்.

அவசரத்தில் தேர்ந்தெடுக்கும் ஜர்னல்

கட்டுரை முடிந்த பிறகு ஜர்னல் தேடுவதுதான் வழக்கம். முதலிலேயே இரண்டு மூன்று தேர்ந்தெடுத்து, அவற்றின் நோக்கப் பக்கத்தையும் கடந்த இரண்டு ஆண்டு இதழ்களையும் புரட்டுங்கள். உங்கள் ரெஃபரன்ஸ் பட்டியலில் அந்த ஜர்னலின் கட்டுரை ஒன்றுகூட இல்லையென்றால், இடம் மாறி வந்திருக்கிறீர்களா என்று யோசிக்க வேண்டும்.

"மதிப்பிற்குரிய பேராசிரியரே, மூன்று நாளில் பிரசுரம்" என்று வரும் மின்னஞ்சல்களில் பணத்தையும் கட்டுரையையும் சேர்த்து இழந்தவர்களை எனக்குத் தெரியும். உண்மையான மதிப்பாய்வுக்கு வாரங்கள், மாதங்கள் ஆகும். போலி ஜர்னல்கள் நிஜ ஜர்னலின் பெயரையும் ஐ.எஸ்.எஸ்.என். என்ற அடையாள எண்ணையும் அப்படியே எடுத்துக்கொண்டு இணையதளம் நடத்துவதும் உண்டு. ஸ்கோபஸ் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இலவசமாகப் படிக்கக் கிடைக்கும் ஜர்னல் என்றால் திறந்த அணுக்க இதழ்களின் அடைவில் (டி.ஓ.ஏ.ஜே.) தேடி, அங்கிருந்து அதன் தளத்துக்குப் போங்கள். மின்னஞ்சலில் வந்த இணைப்பைத் தொட வேண்டாம். யு.ஜி.சி. தான் ஏற்கும் ஜர்னல்களின் கேர் பட்டியலை 2025-இல் கைவிட்டுவிட்டதால் சரிபார்க்கும் பொறுப்பு இப்போது நம் கையில்தான். இன்னொன்று, 2022 விதிகளின்படி ஆய்வேடு சமர்ப்பிக்கக் கட்டுரை பிரசுரம் யு.ஜி.சி. அளவில் கட்டாயம் இல்லை. உங்கள் பல்கலைக்கழகம் தனியாகக் கேட்கிறதா என்று அதன் விதியைப் படித்துவிட்டு அவசரப்படுங்கள்.

ஒரே கட்டுரையை ஒரே நேரத்தில் இரண்டு ஜர்னலுக்கு அனுப்பாதீர்கள். இரண்டுக்கும் ஒரே ரிவ்யூவர் அமைவது அபூர்வம் இல்லை.

வேறொருவர் வார்த்தை

எழுத்துத் திருட்டைச் சோதிக்கும் மென்பொருள் 9 சதவீத ஒற்றுமை காட்டினால் தப்பித்தோம் என்று மூச்சு விடுகிறார்கள். யு.ஜி.சி.யின் 2018 விதியில் 10 சதவீதம் வரைக்கும் தண்டனை இல்லை என்பது உண்மை. ஆனால் அந்த 9 சதவீதமும் ஒரே கட்டுரையின் முடிவுரையிலிருந்து வந்த இரண்டு பத்திகள் என்றால் எடிட்டர் விடமாட்டார். எண்ணைப் பார்க்காமல் நிறம் காட்டிய வரிகளைப் படியுங்கள்.

ஆங்கிலத்தைச் சீர்செய்யச் செயற்கை நுண்ணறிவுக் கருவியைப் பயன்படுத்துவதை நான் குறை சொல்லமாட்டேன். நம் பிள்ளைகளுக்கு அது உதவிதான். ஜர்னலின் விதிப்படி அதைத் தெரிவித்துவிடுங்கள், ஆசிரியராக மட்டும் போடாதீர்கள். ரெஃபரன்ஸை அதனிடம் கேட்கவே வேண்டாம். இல்லாத கட்டுரைக்கு அழகான தலைப்பும் ஆண்டும் கொடுத்துவிடும். கட்டுரையின் அடையாள எண்ணான டி.ஓ.ஐ. இணைப்பு ஒவ்வொன்றையும் திறந்து பாருங்கள். சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு மேற்கோள் காட்டவும் கூடாது. 2025 ஜனவரியில் தொடங்கிய "ஒரே நாடு ஒரே சந்தா" திட்டத்தில் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கு ஏறத்தாழ 13,000 ஜர்னல்கள் திறந்திருக்கின்றன. நூலகரிடம் கேளுங்கள்.

அனுப்பும் நாள்

கவர் லெட்டரில் போன ஜர்னலின் பெயர் அப்படியே இருக்கும். வேர்ட் கோப்பில் கைடு எழுதிய குறிப்புகள் ஓரத்தில் தெரியும். பெயர் மறைத்து அனுப்பச் சொன்ன இடத்தில் நன்றிப் பகுதி கல்லூரிப் பெயரோடு நிற்கும். வரி எண் இருக்காது. படம் வாட்ஸ்அப்பில் வந்து சுருங்கியதாக இருக்கும், 300 டி.பி.ஐ. கேட்டிருப்பார்கள். வரைபடம் கூகுள் மேப்ஸ் திரைப்பிடிப்பாக இருக்கும். உயிரினப் பெயர் சாய்வெழுத்தில் இருக்காது. இவற்றில் எதுவும் அறிவியல் இல்லை, எல்லாம் ஒரு மணி நேர வேலை. ஆனாலும் இரவு பன்னிரண்டு மணிக்குச் சப்மிட் பொத்தானை அழுத்துபவர்களுக்கு இவை கண்ணில் படுவதே இல்லை. கோப்புகளை ஏற்றியதும் தளம் தரும் பி.டி.எஃப்.-ஐ அச்செடுத்து, மறுநாள் காலையில், ஆய்வில் சேராத நண்பர் ஒருவரோடு உட்கார்ந்து படியுங்கள். "இது எப்படி?" என்று அவர் நிறுத்தும் ஒவ்வோர் இடத்திலும் பென்சிலால் ஒரு கோடு போட்டு வையுங்கள். அந்தக் கோடுகளுக்கெல்லாம் பதில் எழுதி முடித்த பிறகு அனுப்புங்கள்.