ஆப் வண்டியா, டாக்சியா? ஊர் மாறினால் கணக்கும் மாறும்

வெளியூர் கிளம்புகிறவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி: "அங்கே ஆப்பில் வண்டி போடுவதா, டாக்சி பிடிப்பதா? எது மலிவு?" பதில் சொல்கிறவர் பெரும்பாலும் தன் ஊர் பழக்கத்தை வைத்துத்தான் சொல்கிறார். சென்னையில் வளர்ந்தவருக்கு ஆப் என்றால் பேரம் பேச வேண்டாம் என்ற நிம்மதி. அதே நினைப்போடு துபாயிலோ லண்டனிலோ இறங்கினால் காசும் நேரமும் வீணாகலாம். அந்த ஊரில் டாக்சிக் கட்டணத்தை யார் நிர்ணயிக்கிறார்கள், ஆப் வண்டிக்கு என்ன அனுமதி இருக்கிறது என்ற இரண்டும் தெரியாமல் விலையை மட்டும் ஒப்பிடுவதில் அர்த்தமில்லை.

மீட்டரை விட்டுவிட்டு, வாயால் கேட்ட விலையோடு ஒப்பிடுவது

சென்னையில் இது தினமும் நடக்கிறது. ஆட்டோக்காரர் 200 ரூபாய் கேட்கிறார், ஆப் 140 காட்டுகிறது, உடனே "ஆப்தான் மலிவு" என்று முடிவு கட்டிவிடுகிறோம். தமிழக அரசு 2013 ஆகஸ்டில் நிர்ணயித்த ஆட்டோ கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 12 ரூபாய், இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை பாதி கூடுதல். அதற்குப் பிறகு பத்து ஆண்டுகளுக்கு மேல் அந்தக் கட்டணம் உயர்த்தப்படவே இல்லை. எரிபொருளும் உதிரி பாகமும் எவ்வளவோ ஏறிவிட்டன. மீட்டர் போடும் வழக்கம் தேய்ந்துபோனதற்கு டிரைவர்களை மட்டும் குறை சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆக, சென்னையில் நாம் ஒப்பிடுவது இரண்டு பேரங்களை: ஒன்று தெருவில் நடப்பது, இன்னொன்று ஆப் நமக்காக முடித்துவைத்தது.

மும்பை அப்படி இல்லை. அங்கே கறுப்பு-மஞ்சள் டாக்சியில் மீட்டர் உண்மையிலேயே ஓடுகிறது. 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சக் கட்டணம் 28 ரூபாயிலிருந்து 31 ஆனது, 1.5 கிலோமீட்டர் வரை. சின்னத் தூரத்துக்கு, அதுவும் மழை நேரத்தில், கையைக் காட்டி நிறுத்தும் டாக்சிதான் பல சமயம் மலிவு. தென் மும்பைக்குள் ஆட்டோவுக்கு அனுமதியே கிடையாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். கொலாபாவில் நின்றுகொண்டு ஆப்பில் ஆட்டோ தேடுவது வீண் வேலை.

திரையில் தெரிவதுதான் கடைசி விலை என்று நம்புவது

வண்டி புக் ஆனதும் போன் வரும்: "டிராப் எங்க சார்? கேஷா, ஆன்லைனா?" இந்தக் கேள்வி பலருக்கு எரிச்சல். அதற்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது. கமிஷன் முறையில் ஓடும் வண்டியில், ஆன்லைனில் கட்டிய பணம் நிறுவனத்துக்குப் போய், பிடித்தம் போக டிரைவருக்கு வந்து சேரும். அன்றைக்குப் பெட்ரோல் போட அவர் கையில் காசு வேண்டும்.

இந்தியாவில் இப்போது இன்னொரு முறையும் பரவிவிட்டது. பெங்களூரில் 2022 இறுதியில் வந்த நம்ம யாத்ரி, டிரைவரிடம் கமிஷன் வாங்காமல் சிறு சந்தாத் தொகை மட்டும் வாங்கும் வழியைக் காட்டியது. அதன் பிறகு மற்ற நிறுவனங்களும் ஆட்டோக்களுக்கு இதே பாதைக்கு வந்தன. 2025 பிப்ரவரியில் ஊபரும் இந்தியாவில் ஆட்டோ சவாரிகளை இப்படி மாற்றியது: பணத்தை ரொக்கமாகவோ யுபிஐ மூலமாகவோ நேராக டிரைவரிடமே கொடுத்துவிட வேண்டும். இந்த முறையில் திரையில் வரும் தொகை ஒரு பரிந்துரைதான். டிரைவர் "மேல போட்டுக் குடுங்க" என்று கேட்டால், கமிஷன் காலத்தில் எதிர்பார்த்த அளவுக்கு நிறுவனம் தலையிடும் என்று எண்ண வேண்டாம். வண்டியில் ஏறும் முன்பே தொகையை ஒரு வார்த்தை பேசி உறுதி செய்துகொண்டால் இறங்கும்போது சண்டை இல்லை.

ஒரு நேரத்தில் பார்த்த விலையை நாள் முழுவதற்கும் வைத்துக்கொள்வது

மதியம் 3 மணிக்குப் பார்த்த விலை மாலை 7 மணிக்கு இருக்காது. இது ஆப்புக்கு மட்டும் என்று நினைக்கிறோம். சிங்கப்பூரில் மீட்டர் டாக்சியும் நேரத்துக்கு நேரம் மாறும். பீக் நேரத்தில் மீட்டர் தொகையில் 25 சதவீதம், நள்ளிரவு 12 முதல் காலை 6 வரை 50 சதவீதம் கூடும். சாங்கி விமான நிலையத்தில் ஏறினால் தனிக் கட்டணம், வழியில் மின்னணுச் சாலைக் கட்டணம் பிடித்தால் அதுவும் நம் கணக்கில். லண்டனில் கறுப்பு டாக்சிக்குப் பகல், மாலை, இரவு என்று மூன்று விகிதங்கள்.

வித்தியாசம் என்னவென்றால், டாக்சியின் ஏற்றம் முன்கூட்டியே அச்சிடப்பட்ட விதி. ஆப்பின் ஏற்றம் அந்த நிமிடத்தில் எத்தனை பேர் வண்டி கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. நம் ஊரில் இதற்கு வரம்பு உண்டு. மத்திய அரசின் 2020 வழிகாட்டுதல் அடிப்படைக் கட்டணத்தைப் போல ஒன்றரை மடங்கு வரை அனுமதித்தது, 2025 ஜூலையில் வந்த புதிய வழிகாட்டுதல் அதை இரண்டு மடங்காக்கியது. நடைமுறைப்படுத்துவது மாநிலங்களின் கையில். தகுந்த காரணம் இல்லாமல் சவாரியை ரத்து செய்தால் 10 சதவீதம், அதிகபட்சம் 100 ரூபாய் அபராதம் என்பதும் அதில் இருக்கிறது. இது பயணிக்கு மட்டுமல்ல, டிரைவருக்கும் பொருந்தும்.

ஆப்பில் வருவதெல்லாம் ஒரே வகை வண்டி என்று எண்ணுவது

குடும்பத்தோடு போகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று படியுங்கள். சிங்கப்பூரில் ஒரே ஆப்பில் மீட்டர் டாக்சியும் வரலாம், தனியார் வாடகைக் காரும் வரலாம். 1.35 மீட்டருக்குக் குறைவான உயரமுள்ள குழந்தை தனியார் வாடகைக் காரில் ஏறினால் அதற்கேற்ற இருக்கை கட்டாயம். டாக்சிக்கு அந்த விதியிலிருந்து விலக்கு உண்டு. விமானத்தை விட்டு இறங்கி, தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கும்போது, வந்த கார் ஏற்ற மறுத்துவிட்டால் எவ்வளவு தவிப்பு! டிரைவர் மீது தப்பில்லை, மாட்டினால் அபராதம் அவருக்கும் உண்டு. இரண்டு டாலர் குறைவு என்று பார்க்காமல் டாக்சி வரிசையில் நிற்பதோ, குழந்தை இருக்கை உள்ள வகையைக் கேட்டு புக் செய்வதோதான் சரி.

இன்னொன்று: சிங்கப்பூர், லண்டன் இரண்டிலும் தெருவில் கையைக் காட்டி ஏறும் உரிமை டாக்சிக்கு மட்டுமே. ஆப் கார் முன்பதிவில்தான் ஏற்றலாம். "ஆப் வண்டிதான், ஏறுங்க" என்று யாராவது நேரில் கூப்பிட்டால் ஏறாதீர்கள்.

துபாயில் விலைக் கணக்கு சென்னைக்கு நேர் எதிர். சாதாரண டாக்சி அங்கே அரசின் சாலைப் போக்குவரத்து ஆணையத்தின் கட்டுப்பாட்டில் ஓடுகிறது, மீட்டர் சரியாக இருக்கும். ஆப்பில் வரும் லிமோசின் வகைக் கார்கள் பொதுவாக அதைவிட விலை கூட. கரீம் ஆப்பில் "ஹலா" என்று தேர்ந்தெடுத்தால் வருவது அதே அரசு முறை டாக்சிதான்.

காசை எண்ணி, நேரத்தை விட்டுவிடுவது

லண்டனில் கறுப்பு டாக்சி பல வழித்தடங்களில் ஆப் காரைவிட விலை கூட. ஆனால் கறுப்பு டாக்சி பேருந்துத் தடங்கள் பலவற்றில் போகலாம், தனியார் வாடகைக் கார் போக முடியாது. லண்டனின் நடுவில் உள்ள சேரிங் கிராஸைச் சுற்றி ஆறு மைல் வட்டத்தில் ஏறத்தாழ 25,000 தெருக்களை மனப்பாடம் செய்து தேர்வு எழுதியவர் அதை ஓட்டுகிறார். சக்கர நாற்காலியோடு ஏறும் வசதி எல்லாக் கறுப்பு டாக்சியிலும் உண்டு. ரயிலைப் பிடிக்க ஓடும் நேரத்திலும், நடக்க முடியாத அம்மாவை அழைத்துப் போகும்போதும் நான் யோசிக்காமல் அதைத்தான் சொல்வேன்.

விமான நிலையக் கணக்கு எங்குமே தனி. நியூயார்க்கில் ஜே.எஃப்.கே. விமான நிலையத்திலிருந்து மன்ஹாட்டனுக்கு மஞ்சள் டாக்சி நிலையான 70 டாலர், அதற்கு மேல் சில கூடுதல் கட்டணங்களும் டிப்ஸும். ஆப் அதைவிட அதிகம் காட்டுகிற மாலை நேரங்களில் இது கை கொடுக்கும். துபாய் விமான நிலையத்தில் மீட்டரே 25 திர்ஹத்தில்தான் தொடங்கும். சென்னையில் ஆப் கார் ஏற அடுக்குமாடி வாகன நிறுத்தம் வரை போக வேண்டும், பெட்டிகளோடு வரும் பெரியவர்களுக்கு அது நீண்ட நடை. அப்புறம், பெரியவர்களிடம் ஸ்மார்ட்போன் இல்லாவிட்டால் ஆப் எவ்வளவு மலிவாக இருந்தும் பயனில்லை. ஊரில் தனியாக இருக்கும் அப்பா அம்மாவுக்கு, போன் செய்தால் வரும் ஒரு கால் டாக்சி எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்து, ஒருமுறை அவர்களையே கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.