திரிசூலம் மலைக்கு ராக்கி மலை நிறம் வேண்டாம்: சென்னையில் வெளியில் நின்று மலை வரைய

வெளியில் நின்று மலை வரையப் பழகுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் பார்ப்பது அமெரிக்காவின் மேற்குப் பகுதி ஓவியர்களைத்தான். எட்கர் பெய்ன் வரைந்த சியரா நெவாடா சிகரங்கள், பிர்கர் சான்ட்சேன் வண்ணத்தை அப்பி அப்பி வரைந்த, ராக்கி மலைத்தொடரின் கொலராடோ பாறைகள். பார்த்ததும் கை பரபரக்கும். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பல்லாவரம் பக்கம் போய், அந்த ஊதாவையும் நீலத்தையும் நம் குன்றுக்குப் பூசிவிட்டு வருவார்கள். படம் அழகாகக்கூட இருக்கும். ஆனால் அது பல்லாவரம் இல்லை.

நான் அண்ணா சாலை தியேட்டர்களுக்கு பேனர் வரைந்த பட்டறையில் தொழில் கற்றவன். ஃபிளெக்ஸ் வந்து அந்தத் தொழில் போன பிறகு, வாரக் கடைசியில் நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு வெளியில் வரையப் போகிறேன். அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கேயும் சொல்கிறேன்: அந்த ஓவியர்களிடம் வேலை செய்யும் முறையை எடுத்துக்கொள்ளுங்கள், நிறத்தை அவர்களிடமே விட்டுவிடுங்கள்.

ஏன் என்றால் அவர்கள் வெயில் வேறு. கொலராடோ ஏறக்குறைய 39 டிகிரி வடக்கே இருக்கிறது. டிசம்பர் 21 வாக்கில் அங்குள்ள டென்வர் நகரத்தில் நடுப்பகல் சூரியனே 27 டிகிரி உயரத்துக்கு மேல் ஏறாது. நாள் முழுக்கச் சாய்ந்த வெயிலும் நீண்ட நிழலும் கிடைக்கும். நாம் இருப்பது 13 டிகிரியில். ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவை ஒட்டியும் உச்சிவெயில் நேராகத் தலையில் இறங்கும். மலைக்கு நிழலே இருக்காது, தட்டையாகத் தெரியும். காலை எட்டரைக்குப் பிறகும் மாலை நாலுக்கு முன்பும் பையைத் திறக்க வேண்டாம் என்பேன். டிசம்பர், ஜனவரியில் கொஞ்சம் சலுகை உண்டு.

காற்றும் வேறு. உயரத்தில் இருக்கும் உலர்ந்த காற்றில் தூரத்து மலை கூர்மையாகவும் நீலமாகவும் தெரியும். இங்கே கடல் ஈரமும் தூசியும் வண்டிப் புகையும் சேர்ந்து நிற்கின்றன. காற்று மூலக்கூறுகள் நீலத்தைத்தான் அதிகம் சிதறடிக்கும். ஈரத்துளி, தூசி போன்ற பெரிய துகள்கள் எல்லா நிறத்தையும் ஒன்றுபோலச் சிதறடிக்கும். அதனால் நம் தூரம் நீலமாவதில்லை, வெளுக்கிறது. மஞ்சள் கலந்த, பால் ஊற்றியது மாதிரி ஒரு வெளுப்பு. சென்னையில் தூரத்தைக் காட்ட நீலத்தைத் தேடாதீர்கள். விளிம்பை மழுக்குங்கள், வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறையுங்கள். அது போதும், மலை தானாகப் பின்னால் போய்விடும்.

கல்லும் வேறுதான். சியராவின் கிரானைட் வெளிறிய கல். வெயில் பட்ட பக்கம் பளீரென்று அடிக்கும், நிழல் பக்கம் வானத்து நீலத்தை அப்படியே வாங்கிக்கொள்ளும். பரங்கிமலை, திரிசூலம், பல்லாவரம் எல்லாம் சார்னோக்கைட் என்ற கருங்கல் வகை. கல்லே நீலச் சாம்பல் கலந்த கறுப்பு. வெயில் பட்டாலும் அடங்கித்தான் தெரியும். ஆனால் மழை பெய்து ஓய்ந்த மறுநிமிடம் போய்ப் பாருங்கள், ஈரக்கல்லில் வானம் வெள்ளையாக வழியும். அதற்காகவே அக்டோபர், நவம்பரில் குடையோடு கிளம்பலாம்.

சரி, சாமான்கள். எண்ணெய் வண்ணம்தான் என் பழக்கம். அக்ரிலிக் நம் வெயிலில் தட்டிலேயே காய்ந்துவிடும்; நீங்கள் வானத்தைக் கலந்து முடிப்பதற்குள் முதலில் பிதுக்கியது தோலாகிவிடும். ஆறு டியூப் போதும்: டைட்டானியம் ஒயிட், லெமன் எல்லோ, எல்லோ ஓக்கர், கிரிம்சன், அல்ட்ராமரின் நீலம், பர்ன்ட் சியன்னா. கறுப்பு வேண்டாம். பச்சை டியூப் வேண்டவே வேண்டாம், அது படத்தைப் பிளாஸ்டிக் ஆக்கிவிடும். 1841-இல் ஜான் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் தகரத்தில் டியூப் செய்த பிறகுதான் வண்ணத்தைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போவது இவ்வளவு சுலபமானது. அந்தச் சுலபத்தை இருபது டியூப் அடுக்கிக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

கான்வாஸுக்குப் பதில் ஹார்ட்போர்டு. பிளைவுட் கடையில் எட்டுக்குப் பத்து அங்குலமாக வெட்டித் தருவார்கள். முன்பக்கம் இரண்டு கோட் ஜெஸ்ஸோ (வண்ணத்துக்கு அடியில் பூசும் வெள்ளைப் பூச்சு), பின்பக்கமும் ஒரு கோட். பின்பக்கத்தை விட்டால் நம் ஊர் ஈரத்தில் போர்டு வளைந்துவிடும். ஸ்டாண்டுக்குப் பழைய கேமரா டிரைபாட் நன்றாக வேலை செய்யும். மதியத்துக்கு மேல் கடல்காற்று எழும்பினால் அது சாயும் என்பதால், கீழே தண்ணீர் பாட்டில் வைத்த பையைக் கட்டித் தொங்கவிடுங்கள். குடை கறுப்பாக இருக்கட்டும். சிவப்புக் குடை பிடித்தால் படத்தில் விழுகிற வெளிச்சமே சிவப்பாகி, நீங்கள் கலக்கும் நிறம் எல்லாம் பொய் சொல்லும். தட்டிலும் போர்டிலும் நேர்வெயில் படக் கூடாது. வெயிலில் சரியாகத் தெரிந்த படம் வீட்டுக்குள் கொண்டுபோனால் இருண்டுவிடும்.

இப்போது ஒரு மாலை வேலையை எடுத்துக்கொள்வோம். ஜனவரி, திரிசூலம். மலை ஜி.எஸ்.டி. சாலைக்கும் தண்டவாளத்துக்கும் கிழக்கே இருக்கிறது. காலையில் ஸ்டேஷன் பக்கம் நின்றால் சூரியன் மலைக்குப் பின்னால். வெறும் கறுப்பு உருவம்தான் கிடைக்கும். மாலையில் வெயில் நேராக மலையின் முகத்தில் விழும். அன்று சூரியன் மறைய ஆறு மணி ஆகும். மூன்றே முக்காலுக்கே போய்விடுங்கள்.

முதல் அரை மணி நேரம் வண்ணத்தைத் தொடாதீர்கள். தீப்பெட்டி அளவில் மூன்று சின்னப் படம், பென்சிலில். கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் வீடு, ஆன்டெனா, மின்கம்பி எல்லாம் மறைந்து நாலைந்து பெரிய துண்டுகள்தான் மிஞ்சும். பெய்ன் பெரிய மலையை வரையும்போதும் இதைத்தான் செய்தார். அவர் படங்களை உற்றுப் பாருங்கள்: ஆயிரம் பாறை இருக்கும் இடத்தில் சில பெரிய தளங்கள்தான் இருக்கும், ஒவ்வொன்றும் ஒரே இழுப்பு மாதிரி.

அப்புறம் போர்டில் பர்ன்ட் சியன்னாவை டர்பன்டைனில் கரைத்து மெல்லிசாகத் துடைத்துவிடுங்கள். வெள்ளைப் போர்டு கண்ணைக் கூசி எல்லா நிறத்தையும் இருட்டாகக் காட்டும். அதன் மேல் பெரிய துண்டுகளை அடைத்துவிடுங்கள். இந்த இடத்தில் ஜான் கார்ல்சனின் விதி உதவும். 1920-களில் கொலராடோ ஸ்பிரிங்ஸில் பாடம் நடத்தியவர். வானம் எல்லாவற்றையும்விட வெளிச்சம். வானத்தைப் பார்த்துப் படுத்திருக்கும் தரை அதற்கு அடுத்தது. சாய்ந்து நிற்கும் மலைச்சரிவு அதைவிட அடக்கம். செங்குத்தாக நிற்கும் மரம் எல்லாவற்றிலும் இருட்டு. மேகம் மூடிய நாளில் இது அப்படியே பொருந்தும். மாலை வெயில் நேராக அடித்தால் சரிவு தரையைவிட வெளிச்சமாகிவிடும். பரங்கிமலை உச்சியில் சுண்ணாம்பு அடித்த வெள்ளைச் சர்ச் நிற்கிறது, அதுவும் விதிக்கு அடங்காது. விதி எங்கே உடைகிறது என்று கண்டுபிடிப்பதுதான் அதன் பயனே.

நாலே முக்காலுக்கு நிழல்களைப் பூட்டிவிடுங்கள். அதாவது, மலை மடிப்புகளில் நிழல் எங்கே விழுகிறதோ அந்த இடத்தைப் போர்டில் முடிவு செய்துவிட்டு அதற்கப்புறம் மாற்றாதீர்கள். சூரியன் இறங்க இறங்க நிழல் நகரும். அதன் பின்னாலேயே ஓடினால் நாலு மணி நிழலும் ஐந்தரை மணி நிழலும் ஒரே படத்தில் வந்து உட்கார்ந்துவிடும்.

நிறம் இப்போது. பக்கத்தில் ஒரு பையன் கட்டாயம் வந்து நிற்பான். "என்னண்ணா, மலை கறுப்பாத்தானே இருக்கு, ஏன் ரோஸ் அடிக்கிறீங்க?" என்பான். நல்ல கேள்வி. மூடிய கறுப்புக் குடையை நிழலில் வைத்துக்கொண்டு, ஒரு கண்ணை மூடி, அதன் துணியை மலை நிழலுக்குப் பக்கத்தில் வருமாறு நீட்டிப் பாருங்கள். குடைதான் கறுப்பு. மலையின் நிழல் அதற்குப் பக்கத்தில் சாம்பல் பூத்த ஒரு மங்கல் ஊதாவாக, நீங்கள் நினைத்ததைவிட வெளிறித் தெரியும். அல்ட்ராமரினும் பர்ன்ட் சியன்னாவும், துளி கிரிம்சன், தாராளமாக வெள்ளை. வெயில் பட்ட பக்கத்துக்கு ஓக்கர், பர்ன்ட் சியன்னா, வெள்ளை, மிகக் கொஞ்சம் கிரிம்சன். தட்டில் அது அழுக்கு ரோஸ் மாதிரி இருக்கும். போர்டில் நிழலுக்குப் பக்கத்தில் வைத்தால் ஐந்து மணிக் கல் ஆகிவிடும்.

வைத்ததைத் தேய்க்காதீர்கள். எங்கள் பட்டறையில் கதாநாயகன் கன்னத்தில் பச்சையும் ஆரஞ்சும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். ஏணியில் நின்று பார்த்தால் திட்டுத்திட்டாக இருக்கும், சாலைக்கு அந்தப் பக்கம் போய்ப் பார்த்தால் முகம். 1870-களில் பாரிஸின் இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர்கள் செய்ததும் பிறகு சான்ட்சேன் ராக்கி மலையில் செய்ததும் இந்த வேலைதான். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பத்தடி பின்னால் போய்ப் பாருங்கள். பின்னால் சாக்கடை இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்தரைக்கு மேல் மலை சட்டென்று செம்மண் நிறத்துக்கு மாறும். அதை இந்தப் படத்தில் சேர்க்க ஆசை வரும். சேர்க்காதீர்கள், இரண்டாவது போர்டை எடுங்கள். பிரெஞ்சு ஓவியர் மோனே 1890, 91-இல் வைக்கோற்போர்களை வரைந்தபோது பல கான்வாஸ்களை வைத்துக்கொண்டு, வெளிச்சம் மாற மாறக் கான்வாஸையும் மாற்றினார். நம் ஊரில் சூரியன் மடமடவென்று இறங்கும்; இரண்டாவது போர்டில் வானத்துக்கு ஒரு நிறம், மலைக்கு இரண்டு நிறம் வைக்கத்தான் நேரம் இருக்கும். என் கூட வருகிறவர்களில் பலருக்கு அந்த அவசரப் படம்தான் நன்றாக வருகிறது.

வேறு இடங்கள்: செங்கல்பட்டு வண்டியில் போனால் கொளவாய் ஏரி, பின்னால் மலைகள். தண்ணீரில் பிம்பம் வரையும்போது இருட்டான மலையைக் கொஞ்சம் வெளிச்சமாகவும், வெளிச்சமான வானத்தைக் கொஞ்சம் இருட்டாகவும் வையுங்கள். பரங்கிமலை சுமார் 300 அடிதான், படியேறிப் போய்விடலாம், மேலிருந்து ஊரே தெரியும். விமான நிலையம், ராணுவ இடம் எல்லாம் பக்கத்தில் இருப்பதால் டிரைபாட் விரித்தால் யாராவது வந்து கேட்பார்கள். படத்தைக் காட்டுங்கள், நகரச் சொன்னால் நகர்ந்துவிடுங்கள். பழைய கல்குவாரிப் பள்ளங்களின் ஓரத்துக்கு மட்டும் போகாதீர்கள். தண்ணீரின் பச்சை அழகுதான், ஆழம் தெரியாது, ஓரமும் நிற்காது.

வீடு திரும்ப, ஈரப் போர்டு இரண்டையும் முகத்துக்கு முகம் வைத்து, நாலு மூலையிலும் கார்க் துண்டு கொடுத்து கிளிப் போடுங்கள். ஏழு மணி எலெக்ட்ரிக் டிரெயினில் பக்கத்தில் நிற்பவரின் வெள்ளை வேட்டியில் கிரிம்சன் பட்டால் சமாதானம் சொல்லி முடியாது. வீட்டில் படத்தை பீரோவுக்குள் வைக்காதீர்கள். இருட்டில் வண்ணத்தில் கலந்திருக்கும் ஆளிவிதை எண்ணெய் மஞ்சளாகும், மழைக்காலத்தில் பூஞ்சையும் பிடிக்கும். வெளிச்சமும் காற்றும் உள்ள சுவரில் சாய்த்து வையுங்கள்.

பிரஷ் துடைத்த துணியைச் சுருட்டிப் பையிலோ குப்பைத் தொட்டியிலோ போடவே கூடாது. ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடாகும். சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு தேங்கி, தானாகவே தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து, மொட்டை மாடிக் கொடியில் ஒவ்வொன்றாக விரித்துப் போட்டு, விறைப்பாகக் காய்ந்த பிறகு எறியுங்கள்.