மலை ஏறும் காருக்கு டயர் பார்ப்பது எப்படி?

கட்டபெட்டு முக்கில் பஞ்சர் கடை வைத்திருக்கிறேன். கோத்தகிரியிலிருந்து வருகிற சாலை இங்கேதான் ஊட்டிக்கும் குன்னூருக்கும் பிரிகிறது. மேலே ஏறி வந்த சுற்றுலாக் காரும் கீழே இறங்கப் போகிற கேரட் வண்டியும் காற்றுப் பிடிக்க நிற்கும். கார்க்காரர்கள் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "டயர் நல்லாத்தான் இருக்குண்ணா, பட்டன் பாருங்க."

பட்டன் என்று அவர்கள் சொல்வது டயர் மேல் மேடும் பள்ளமுமாக இருக்கிற ரப்பர் கட்டைகளை. அது நடுவில் நன்றாகத்தான் இருக்கும். மலைச் சாலை தின்பது ஓரத்தை. கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கும்போது பாரமெல்லாம் முன்பக்கத்து வெளிச் சக்கரத்தின் மேல், அதிலும் டயரின் தோளில், அதாவது மேல்பரப்பு வளைந்து பக்கச் சுவரோடு சேரும் ஓரத்தில் போய் விழுகிறது. மேட்டுப்பாளையம் சாலையில் இப்படி 14 வளைவு, ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டியில் 36. காற்றும் குறைவாக இருந்தால் தோள் இன்னும் சீக்கிரம் கரையும். அதனால் மலைக்கு வரும் முன் டயரைப் பார்ப்பது என்றால் ஓரத்தைப் பார்ப்பது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி ஸ்டியரிங்கை ஒரு பக்கமாக முழுக்கத் திருப்புங்கள். முன் டயரின் முழு அகலமும் வெளியே தெரியும். உள் ஓரத்தை விட்டுவிடாதீர்கள், அலைன்மென்ட் (சக்கரங்கள் நேராக நிற்கும் கோணம்) கெட்ட வண்டியில் முதலில் மொட்டையாவது அதுதான். பின் டயரைத் திருப்ப முடியாது. போனில் டார்ச்சைப் போட்டு, டயருக்குப் பின்னால் கையை நீட்டி வீடியோ எடுத்துப் பாருங்கள். தேய்ந்த ரப்பர் வழியாக டயருக்குள் இருக்கிற இரும்புக் கம்பி எட்டிப் பார்க்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும், விரலைக் கிழித்துவிடும்.

கம்பி இல்லையென்றால் உள்ளங்கையை டயரின் மேல் குறுக்காக வைத்து, வெளியிலிருந்து உள்ளே ஒரு தடவை, உள்ளிருந்து வெளியே ஒரு தடவை தடவுங்கள். இரண்டு தடவையும் ஒரே மாதிரி வழுவழுப்பாக இருந்தால் சரி. ஒரு திசையில் வழுக்கி, மறு திசையில் ரம்பப் பல்லைத் தடவுவது போல உராய்ந்தால் சக்கரம் நேராக உருளவில்லை, கொஞ்சம் இழுபட்டுக்கொண்டே போகிறது என்று அர்த்தம். கண்ணுக்குத் தெரியும் முன்பே கைக்குத் தெரிந்துவிடும். உடனே அலைன்மென்ட் பார்த்துவிட்டால் டயர் தப்பும். புது டயரைப் போட்டுவிட்டு அலைன்மென்ட்டைத் தள்ளிப் போட்டால் அதுவும் அதே கதிக்குத்தான் வரும்.

பட்டன் எவ்வளவு மிச்சம் என்பதற்கு டயரிலேயே குறி இருக்கிறது. பள்ளங்களுக்குள் குறுக்காகச் சின்ன மேடுகள் தெரியும், அவற்றின் உயரம் 1.6 மி.மீ. பட்டன் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. சட்டப்படி அதுதான் எல்லை. ஆனால் மழைக்காலத்தில் மலைக்கு வருகிறவர்களுக்கு 3 மி.மீ. இருக்கும்போதே மாற்றச் சொல்வேன். குன்னூர், கோத்தகிரி பக்கம் ஐப்பசி, கார்த்திகையில்தான் நல்ல மழை. சாலையில் கற்பூர மரத்து (யூகலிப்டஸ்) இலை ஒட்டிக் கிடக்கும். மழையே இல்லாத நாளிலும் கழுவின கேரட் ஏற்றிய லாரி வளைவுக்கு வளைவு தண்ணீர் சொட்டிக்கொண்டு போகும். வியாபாரத்துக்காகச் சொல்கிறான் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

பட்டன் இருந்தும் டயர் கெட்டுப் போயிருக்கலாம். இங்கே பங்களாக்களில் வருஷத்தில் பாதி நாள் நிற்கிற கார்கள் நிறைய. பட்டன் முழுசாக இருக்கும், பக்கச் சுவரில் தலைமுடி கனத்தில் வெடிப்பு ஓடியிருக்கும். பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்றைத் தேடுங்கள். 1519 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 15-ஆவது வாரத்தில் தயாரானது. ஐந்து வருஷம் தாண்டினால் வருஷத்துக்கு ஒரு தடவை கடையில் காட்டுங்கள். பத்து வருஷம் ஆனதை எவ்வளவு அழகாக இருந்தாலும் கழற்றிவிடுங்கள். பக்கச் சுவரில் சின்ன எலுமிச்சை அளவுக்கு வீக்கம் இருந்தால் அந்த டயரில் மலை இறங்கவே கூடாது. குழியில் அடி வாங்கி உள்ளே நூல் அறுந்திருக்கிறது. அதற்கு ஒட்டுப் போட வழி கிடையாது.

இனி காற்று. டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்தால் தூணில் ஸ்டிக்கர் இருக்கும்: ஆள் குறைவாக இருந்தால் இவ்வளவு, முழு பாரம் என்றால் இவ்வளவு என்று. குடும்பத்தோடு, பெட்டியோடு வந்தால் இரண்டாவது கணக்குதான். டயரிலேயே பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) கணக்கில் பொறித்திருக்கிற எண், அது தாங்கும் உச்ச அளவு. அதைப் பார்த்துக் காற்றடிக்கக் கூடாது.

மலை ஏறினால் காற்று கூடிவிடும், அதனால் மேட்டுப்பாளையத்திலேயே கொஞ்சம் இறக்கிவிட வேண்டும் என்று யாரோ சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் மீட்டரில் கூடுதலாகக் காட்டும் என்பது உண்மைதான். சுமார் 300 மீட்டரில் இருக்கிற மேட்டுப்பாளையத்திலிருந்து 2,240 மீட்டரில் இருக்கிற ஊட்டிக்கு ஏறினால் ஏறக்குறைய 3 பி.எஸ்.ஐ. கூடும். ஆனால் கீழே 33 டிகிரி, மேலே 13 டிகிரி என்றால் குளிரில் அதே 3 பி.எஸ்.ஐ. குறைந்துவிடும். இதுவும் அதுவும் சரிக்குச் சரி. ஸ்டிக்கரில் உள்ளபடி பிடித்துக்கொண்டு வாருங்கள், போதும். டிசம்பர், ஜனவரியில் ஊட்டிக்கு அருகே தலைக்குந்தா பக்கம் உறைபனி விழுகிற காலையில் மட்டும் மீட்டர் குறைவாகக் காட்டும், அப்போது நிரப்பிக்கொள்ளலாம். எதுவானாலும் வண்டி ஓடாமல் ஆறியிருக்கும்போது பார்க்க வேண்டும். மலை இறங்கிய சூட்டில் கூடுதலாகக் காட்டுகிறதே என்று காற்றை இறக்கிவிட்டால், மறுநாள் காலையில் டயர் தொய்ந்து நிற்கும்.

நைட்ரஜன் போடலாமா என்று கேட்பார்கள். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் அதுதான். காசு இருந்தால் போடுங்கள்.

இறக்கத்தில் டயரைக் கெடுப்பது பிரேக். காலை எடுக்காமல் மிதித்துக்கொண்டே வந்தால் பிரேக் டிஸ்க் சூடாகி, அந்தச் சூடு ரிம்முக்கும் அதிலிருந்து டயருக்கும் ஏறும். எந்த கியரில் ஏற வேண்டுமோ அந்த கியரில் இறங்குங்கள். ஆட்டோமேட்டிக் வண்டியிலும் எல் என்றோ 2 என்றோ இருக்கும். மேட்டுப்பாளையம் சாலையில் பர்லியாறில் டீக்கு நிற்கும்போது நான்கு சக்கரத்துக்கும் அருகே புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். முன் இரண்டும் சூடாக இருப்பது வழக்கம். ஒன்று மட்டும் மற்றதைவிட அனலாக அடித்தால் அதில் பிரேக் பிடித்துக்கொண்டு நிற்கிறது, மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றினால் வளைந்துவிடும், தானாக ஆறட்டும்.

டியூப்லெஸ் டயரில் ஆணி நடுவில் ஏறியிருந்தால் பஞ்சர் போடலாம். தோளிலோ பக்கச் சுவரிலோ என்றால் நான் போட மாட்டேன். எஸ்டேட் ரோட்டில் போகிறவர்கள் அதைத்தான் அதிகம் கொண்டுவருவார்கள். கவாத்து வெட்டிய தேயிலைக் குச்சி பக்கவாட்டில் குத்தியிருக்கும்.

வழியில் நீங்களே ஸ்டெப்னி மாற்ற வேண்டி வந்தால், வளைவில் நிறுத்தாதீர்கள். மெதுவாக உருட்டியாவது நேரான இடத்துக்கு வந்துவிடுங்கள், அந்த டயர் போனால் போகட்டும். முக்கோண அட்டையை வளைவுக்கு அந்தப் பக்கம், வருகிறவன் கண்ணில் படும்படி வையுங்கள். நிறைய கார்களில் ஹேண்ட் பிரேக் பின் சக்கரத்தை மட்டும்தான் பிடிக்கும். பின் சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கிவிட்டால் பிடிமானம் பாதியாகிவிடுகிறது. அதனால் கியரிலும் போட்டு, தரையில் இருக்கிற சக்கரத்துக்குக் கல்லும் கொடுங்கள். வண்டி இறக்கத்தைப் பார்த்து நின்றால் கல் சக்கரத்துக்கு முன்னால், ஏற்றத்தைப் பார்த்து நின்றால் பின்னால்.

நட்டுகளை ஜாக்கி போடும் முன் லேசாகத் தளர்த்துங்கள். மாட்டும்போது எதிர் எதிராக முறுக்கி, வண்டியைத் தரையில் இறக்கிய பிறகு கடைசி முறுக்கு. ஸ்பேனர் மேல் ஏறிக் குதித்தால் போல்ட் இழுபட்டுவிடும், கையால் நன்றாக அழுத்தினால் போதும். 50 கிலோமீட்டர் ஓடியதும் இன்னொரு தடவை முறுக்கிப் பாருங்கள். ஸ்டெப்னி மற்றதைவிடச் சின்னதாக இருந்தால் 80-க்கு மேல் போகக் கூடாது என்று அதிலேயே எழுதியிருக்கும். அப்புறம், கொடுத்த கல்லை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டுக் கிளம்புங்கள். ராத்திரி மூடுபனியில் அந்தக் கல்லில் ஏறி ரிம் நசுங்கி வருகிற பைக்குகள் என் கடைக்குத்தான் வருகின்றன.