சர்வர் உறைந்துவிட்டதா? ரீஸ்டார்ட்டுக்கு முன் மூன்று த்ரெட் டம்ப்

ஜாவா அப்ளிகேஷன் சர்வர் பதில் சொல்லாமல் நின்றால், ரீஸ்டார்ட் செய்யுமுன் 10 விநாடி இடைவெளியில் மூன்று த்ரெட் டம்ப் (சர்வருக்குள் ஓடும் ஒவ்வொரு த்ரெட்டும், அதாவது ஒவ்வொரு தனி வேலையும், அந்தக் கணம் கோடின் எந்த வரியில் நிற்கிறது என்ற பட்டியல்) எடுக்கச் சொல்லிப் புது அட்மின்களைப் பழக்குங்கள். சர்வர் ஓடும் அதே யூசரில் நுழைந்து, ஜேஸ்டாக் கட்டளையோடு புராசஸ் எண்ணைக் கொடுத்தால் போதும். வெறும் ஜேஆர்இ (ஜாவாவை ஓட்ட மட்டும் உதவும் தொகுப்பு) மட்டும் இருக்கும் இடத்தில் ஜேஸ்டாக் இருக்காது. அங்கே 'கில் -3' கட்டளையோடு அதே புராசஸ் எண்ணைக் கொடுங்கள். பெயர்தான் பயமுறுத்தும், வழக்கமான அமைப்பில் சர்வரை நிறுத்தாது. டாம்கேட் என்ற ஜாவா சர்வரில் பெரும்பாலும் கேட்டலினா.அவுட் என்ற லாக் கோப்பில் டம்ப் விழும்.

ஒரு டம்ப் வெறும் புகைப்படம்தான். வேலையில் இருக்கும் ஒரு த்ரெட் மூன்றிலும் ஒரே வரியில் நின்றால் அது சிக்கியிருக்க வாய்ப்பு அதிகம். நகர்ந்திருந்தால் வேலை மெதுவாக நடக்கிறது. பல த்ரெட்கள் கனெக்‌ஷன் கேட்டு வரிசையில் நின்றால் டேட்டாபேஸ் பூலை (த்ரெட்கள் பகிர்ந்துகொள்ளும் டேட்டாபேஸ் இணைப்புகளின் தொகுப்பை) பாருங்கள். 'ரன்னபிள்' (ஓடுகிறது) என்றிருப்பதை நம்பி ஏமாறாதீர்கள்: சாக்கெட்டில், அதாவது நெட்வொர்க் இணைப்பில், பதிலுக்குக் காத்திருக்கும் த்ரெட்டும் அப்படித்தான் காட்டும்.

மொரீஷியஸின் எபெனில் உட்கார்ந்து பாரிஸ் சர்வரைப் பார்ப்பவர்களுக்கு ஒன்று: டம்பின் முதல் வரியில் இருப்பது அந்த சர்வரின் நேரம். மொரீஷியஸ் நேரம் பாரிஸின் கோடையில் 2 மணி, குளிர்காலத்தில் 3 மணி முன்னால் இருக்கும்.

மெமரி தீர்ந்து விழும் சர்வருக்கு த்ரெட் டம்ப் உதவாது. அதற்கு ஹீப் டம்ப் (மெமரியில் என்னென்ன இருக்கிறது என்ற பதிவு) வேண்டும். ஜாவா 21-இன் வர்ச்சுவல் த்ரெட்களும் (ஜாவாவே நிர்வகிக்கும் இலகுவான த்ரெட்கள்) ஜேஸ்டாக்கில் தெரியாது.