மலைக்கிராமத் தாய்–சேய் பணி: புதிதாக வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீலகிரியில் கூடலூர், பந்தலூர் பக்கத்து ஆதிவாசிக் குடியிருப்புகளுக்குச் சமூகப்பணி படித்த பிள்ளைகள் களப்பயிற்சிக்கு வந்துகொண்டே இருக்கிறார்கள். நல்ல மனசோடுதான் வருகிறார்கள். ஆனால் நாங்கள் தொடக்கத்தில் செய்த அதே தவறுகளை, அதே வரிசையில் அவர்களும் செய்வதைப் பார்க்கும்போது சும்மா இருக்க முடியவில்லை. ஊர்ப் பெரியவரைப் பார்க்காமல் வீடு வீடாக நுழையாதே, வாசலில் நின்று கூப்பிட்டுவிட்டுப் போ என்பதையெல்லாம் முதல் நாளே யாராவது சொல்லிவிடுவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

எல்லாரையும் ஒரே கணக்கில் சேர்ப்பது

நீலகிரியில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று ஆறு சமூகங்கள் இருக்கின்றன. ஆறுமே அரசின் ‘குறிப்பாக நலிவடைந்த பழங்குடிகள்’ பட்டியலில் வருகின்றன. பட்டியல் ஒன்று என்பதால் வாழ்க்கையும் ஒன்றாகிவிடாது. எருமை வளர்த்து வந்த தோடர் வீட்டின் பழக்கமும், தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் நிலத்தில் கொத்தடிமையாகக் கிடந்த பணியர் வீட்டின் நிலைமையும் வேறு வேறு. பேச்சும் வேறு. பணியர் வீட்டில் தமிழில் கேட்டால் தமிழில் பதில் வரும். ஆனால் உடம்பில் எங்கே வலிக்கிறது, எப்படி வலிக்கிறது என்பதை அந்தப் பெண் தன் சொந்தப் பேச்சில்தான் சரியாகச் சொல்வாள். அதைப் புரிந்துகொள்ளும் ஊர்ப்பெண் ஒருத்தி பக்கத்தில் இல்லாமல் கர்ப்ப காலக் கேள்விகளைக் கேட்காதீர்கள்.

நிறைமாதப் பெண்ணைத் தனியாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது

இதுதான் எனக்கு இன்றும் ஆறாத விஷயம். மலையில் மழை பிடித்துக்கொண்டால் 108 வருவதற்கே நேரமாகும். அதனால் தேதி நெருங்கும்போதே பெண்ணை இறக்கிக்கொண்டுவந்து பிரசவக் காத்திருப்பு அறையிலோ மருத்துவமனையிலோ தங்கவைப்பது சரியான ஏற்பாடுதான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த ஏற்பாட்டை ஜீப் வைத்து ஆளைக் கொண்டுபோய் இறக்கும் வேலையாக மாற்றிவிடுவதுதான் தப்பு.

ஒரு பணியர் குடியிருப்பில் நடந்தது. முப்பத்தெட்டாவது வாரம், இரண்டாவது பிரசவம். பயிற்சிக்கு வந்த தம்பி காலையிலிருந்து பேசிப் பேசி, ஒருவழியாகப் பெண்ணை வண்டியில் ஏற்றிவிட்டான். கூடவே அவளுடைய அம்மாவும் மூத்த குழந்தையும் ஏறினார்கள். மருத்துவமனையில் பெண்ணை மட்டும் உள்ளே எடுத்துக்கொண்டு மற்றவர்களை வராந்தாவில் உட்காரச் சொல்லிவிட்டார்கள். கிழவியின் வாயில் வெற்றிலை. அதற்கு ஒரு அதட்டல். மூத்தது இன்னும் ராத்திரியில் அம்மாவிடம் பால் குடிக்கிற குழந்தை; இருட்டியதும் அழ ஆரம்பித்தது. உள்ளே இருந்தவளுக்குக் கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்கவே கூச்சம். நம் தம்பியோ ‘சேர்த்தாயிற்று’ என்று பதிவேட்டில் எழுதிவிட்டு அறைக்குப் போய்விட்டான்.

மறுநாள் ராத்திரி அந்தப் பெண் போர்வையைச் சுற்றிக்கொண்டு வெளியேறிவிட்டாள். எஸ்டேட் லாரி ஒன்றில் ஏறி ஊருக்கு வந்து, வீட்டிலேயே பிள்ளை பெற்றாள். குழந்தை இரண்டு கிலோகூட இல்லை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அதன் பாதம் சில்லென்று இருந்தது. எப்படியோ பிழைத்துக்கொண்டது. மருத்துவமனைச் சீட்டில் ‘நோயாளி ஒத்துழைக்கவில்லை’ என்று ஒரே வரி. அதைப் படித்தபோது வந்த கோபம் இன்னும் போகவில்லை. யாரோடு யார் ஒத்துழைக்கவில்லை? அந்தப் பெண்ணை யாரும் எதுவும் கேட்கவேயில்லையே!

இழப்பு அதோடு நிற்கவில்லை. அந்தக் குடியிருப்பில் அடுத்து உண்டான பெண்கள் வயிறு தெரியும்வரை வாயே திறக்கவில்லை. தடுப்பூசி நாளில் நர்ஸம்மா வந்தால் பாதி வீடுகளில் ஆள் இருக்காது. ஒருத்தியை அவசரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்ததற்கு ஊரே விலை கொடுத்தது.

ஆறாம் மாதத்திலேயே பேச்சை ஆரம்பியுங்கள். மருத்துவமனையின் அருமை பெருமையை அப்போது பேச வேண்டாம், வீட்டைப் பற்றிக் கேளுங்கள். மூத்த பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வார்கள்? அவள் இல்லாத நாட்களில் வீட்டில் அடுப்பு எரிக்க யார்? புருஷன் கூட வந்தால் தினக்கூலி போய்விடும், அரிசிக்கு என்ன வழி? அவளுடைய பேச்சு தெரிந்த ஒருத்தி வார்டில் இருப்பாளா? பிறந்தவுடன் வீட்டில் செய்ய வேண்டிய சடங்கு ஏதாவது உண்டா, அதைச் சில நாள் தள்ளிப்போடலாமா? கடைசிக் கேள்வியைப் பாட்டியிடம்தான் கேட்க வேண்டும். பல வீடுகளில் முடிவு அவர் கையில்தான் இருக்கிறது. ஊரில் பிரசவம் பார்த்துவந்த மூத்த பெண் இருந்தால் அவரையும் உட்காரவைத்துப் பேசுங்கள். அவரை ஒதுக்கிவிட்டு நீங்கள் செய்கிற எந்த ஏற்பாடும் ராத்திரியோடு ராத்திரியாகக் கலைந்துவிடும்.

அப்புறம் முக்கியமான ஒன்று. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பிரசவ நேரத்தில் ஒரு பெண் துணை கூட இருக்க அனுமதி உண்டு. மத்திய அரசு 2017-இல் கொண்டுவந்த ‘லக்ஷ்யா’ பிரசவ அறைத் திட்டமும் இதையே சொல்கிறது. பயிற்சிக்கு வருகிற பலருக்கு இது தெரிவதில்லை. வாசலில் துணையைத் தடுத்தால் பேசாமல் திரும்பிவராதீர்கள். முதல் வாரமே போய்ப் பிரசவ வார்டு செவிலியரைப் பார்த்துப் பேசிப் பழகிவையுங்கள். அவர்களும் ஆள் பற்றாக்குறையில் திணறுகிறவர்கள்தான். முன்கூட்டியே சொன்னால் பெரும்பாலும் இடம் கொடுப்பார்கள்.

சோகை என்றாலே ‘மாத்திரை சாப்பிடவில்லை’ என்று திட்டுவது

பணியர், இருளர், குறும்பர் போன்ற சமூகங்களில் அரிவாள் செல் சோகை இருக்கிறது; ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துபோகிற நோய். இது பரம்பரையாக வருவது. அப்பா, அம்மா இருவரும் இதைச் சுமப்பவர்களாக (நோய் இல்லாமல் அதன் மரபணுவை மட்டும் வைத்திருப்பவர்களாக) இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு நோய் வர 25 சதவீத வாய்ப்பு. 2023 ஜூலையில் இதற்கென்றே தேசிய ஒழிப்புத் திட்டம் தொடங்கியிருக்கிறார்கள். ஆகவே ரத்தம் குறைவாக இருந்தால் முதலில் இந்தப் பரிசோதனை ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். நோய் உள்ள பெண்ணுக்கு இரும்புச்சத்து தேவையா இல்லையா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். குளிர், தண்ணீர் குடிக்காமல் இருப்பது, அளவுக்கு மீறிய உழைப்பு இவையெல்லாம் இந்த நோயின் வலியைக் கிளப்பிவிடும். தேயிலைத் தோட்டத்தில் நனைந்துகொண்டே வேலை செய்துவிட்டு, மூட்டு வலிக்கிறது என்று படுத்திருக்கிறவளைச் சோம்பேறி என்று ஒரு பயிற்சியாளர் குறிப்பேட்டில் எழுதியிருந்தார். அந்தப் பக்கத்தை அவரையே திருத்தி எழுதச் சொன்னேன்.

பரிசோதனை முடிவை ஊரில் பேசாதீர்கள். நோயைச் சுமப்பவள் என்று பெயர் வந்தால் கல்யாணம் வரை பாதிக்கும்.

எல்லாப் பழக்கத்தையும் மூடநம்பிக்கை என்று அடிப்பது

பழக்கங்களை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். நல்லது செய்வது, தொந்தரவில்லாதது, கெடுதல் செய்வது. சண்டையை மூன்றாவதுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கட்டில் கட்டிய கறுப்புக் கயிறு இருந்துவிட்டுப் போகட்டும். சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டுவது, பிறந்த குழந்தைக்குச் சர்க்கரைத் தண்ணீர் புகட்டுவது, தொப்புளில் எதையாவது தடவுவது, கண்ணுக்குள் மை இடுவது ஆகியவற்றைத் தடுக்கத்தான் வேண்டும். அதையும் பாட்டியின் வாயால் சொல்லவைக்க முடியுமா என்று பாருங்கள்.

குழந்தையைத் துணியால் மார்போடு கட்டிக்கொண்டிருந்த தாயிடம், ‘தொட்டிலில் போடுங்கம்மா’ என்று ஒரு பெண் அறிவுரை சொன்னதை நானே கேட்டேன். எடை குறைந்த குழந்தைகளைத் தாயின் உடம்புச் சூட்டிலேயே வைத்துக் காப்பாற்றலாம் என்று 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் மருத்துவர்கள் நடைமுறைப்படுத்தினார்கள். இன்று உலக சுகாதார நிறுவனமே அதைப் பரிந்துரைக்கிறது. நம்முடைய மருத்துவமனைகளில் அதற்குப் பெயர் கங்காரு பராமரிப்பு. அந்தத் தாயிடம் போய்த் தொட்டிலைப் பற்றிப் பேசலாமா? சட்டை போடாமல் தோலோடு தோல் படும்படி கட்டிக்கொள்ளுங்கள், மேலே கம்பளியைச் சுற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருந்தால் போதும்.

எடைபோடும் இடத்தில் எல்லார் முன்னாலும் தாயைக் கண்டிப்பது

அடுத்த மாதம் அவள் வரமாட்டாள்.

தாய், குழந்தை படத்தை வாட்ஸ்அப் குழுவில் போடுவது

போடாதீர்கள்.

‘யாரிடமும் சொல்லமாட்டேன்’ என்று வாக்குக் கொடுப்பது

கர்ப்பிணிக்கு பதினெட்டு ஆகவில்லை என்றால் அந்த வாக்கை உங்களால் காப்பாற்ற முடியாது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி விஷயம் தெரிந்தவர் தெரிவித்தே ஆக வேண்டும், மறைப்பது குற்றம். இந்தப் பயத்தால்தான் பல சிறுமிகள் மருத்துவமனைப் பக்கமே வருவதில்லை என்பதும் உண்மை. அதனால் அவள் பேச ஆரம்பிக்கும் முன்பே, எதை நான் வெளியே சொல்ல வேண்டியிருக்கும், எதைச் சொல்லமாட்டேன் என்று நேராகச் சொல்லிவிடுங்கள். பிறகு கடைசிவரை கூட இருங்கள். தகவல் கொடுத்ததோடு காணாமல் போகிறவரை அந்த ஊர் மறக்காது.

காகித வேலையைக் கடைசிக்குத் தள்ளுவது

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் 18,000 ரூபாய் மதிப்புக்கு உதவி உண்டு. பணமாக ஒரு பகுதி, ஊட்டச்சத்துப் பெட்டகமாக ஒரு பகுதி. முதல் இரண்டு பிரசவங்களுக்குத்தான். கர்ப்பத்தைப் பன்னிரண்டு வாரத்துக்குள் பதிவு செய்ய வேண்டும். ஆதார் இல்லை, வங்கிக் கணக்கு புருஷன் பெயரில்தான் இருக்கிறது என்பதெல்லாம் பிரசவத்துக்குப் பிறகு தெரியவந்து என்ன பயன்? கணக்கை அவள் பெயரிலேயே தொடங்கவையுங்கள்.

பிறப்புப் பதிவிலும் இதே தாமதம்தான். இருபத்தொரு நாளுக்குள் பதிவு செய்தால் கட்டணம் இல்லை. பெயர் வைத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டில் சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். பெயர் இல்லாமலே பதிவு செய்யலாம். ஒரு வருடத்துக்குள் பெயரைக் கட்டணமில்லாமல் சேர்த்துக்கொள்ளலாம். பெயர் சூட்டும் சடங்கை அவர்கள் வழக்கப்படி, அவர்களுக்குத் தோதான நாளில் நடத்திக்கொள்ளட்டும்.