ஆளும் இல்லை, நிதியும் இல்லை: அரசு அலுவலகத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரிவில் ஐந்து இருக்கை, வேலை பார்ப்பது இரண்டு பேர். இப்படிப்பட்ட அலுவலகத்தில் புதிதாகச் சேரும் இளநிலை உதவியாளர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: பற்றாக்குறையை உங்கள் முதுகில் ஏற்றி மறைக்காதீர்கள், எழுத்தில் வையுங்கள்.

பெரிய தவறு, காலி இருக்கையை வாய்ப்பேச்சில் ஏற்பது. "கொஞ்ச நாள் பாத்துக்கப்பா" என்பார் கண்காணிப்பாளர். மறுக்க வேண்டாம். ஆனால் கூடுதல் பொறுப்புக்கு அலுவலக ஆணை கேளுங்கள். நிலுவைக் கோப்புகளை எண்ணி, பட்டியல் போட்டு, தேதியோடு கையெழுத்து வாங்கிய பிறகே பீரோ சாவியைத் தொடுங்கள். நான் அப்படிச் செய்யவில்லை. இரண்டு வருடம் கழித்துத் தணிக்கையில் ஒரு கோப்பைக் காணோம் என்றார்கள். அது என் கைக்கு வரவே இல்லை என்று காட்ட ஒரு தாள்கூட என்னிடம் இல்லை. ஒழுங்கு நடவடிக்கைக்கான 17(அ) குறிப்பாணைக்கு விளக்கம் எழுதிய அந்த இரவுகள் இன்னொருவருக்கு வரக் கூடாது.

தகவல் உரிமைச் சட்ட மனுவை "ஆள் இல்லை" என்று ஒதுக்கி வைப்பது அடுத்த தவறு. 30 நாளுக்குள் பதில் போக வேண்டும். தக்க காரணமின்றித் தாமதித்தால் நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 வரை தண்டம் விழும். மனுவுக்குப் பதில் தரும் பொதுத் தகவல் அலுவலர் உங்களிடம் விவரம் கேட்டிருந்தால், சட்டத்தின் 5(5) பிரிவின்படி அந்தப் பொறுப்பு உங்களுக்கும் உண்டு. கோப்பு கிடைக்கவில்லை என்றால் அதையும் அன்றே குறிப்பு எழுதி மேலே அனுப்பிவிடுங்கள்.

காகிதம், டோனர் எல்லாம் சொந்தக் காசில் வாங்குவதை நல்ல மனது என்றே பலர் நினைக்கிறோம். 2020 மே மாதம் அலுவலகச் செலவுகளைக் குறைக்கத் தமிழ்நாடு அரசின் ஆணை வந்தபோது இந்தப் பழக்கம் இன்னும் கூடியது. செலவு கணக்கில் ஏறாவிட்டால் தேவையே இல்லை என்று ஆகிவிடும். அடுத்த ஆண்டு மதிப்பீட்டிலும் அதே குறைந்த தொகைதான் இருக்கும். கூடுதல் நிதி கேட்டுக் கடிதம் எழுதுங்கள். வராவிட்டாலும் கேட்டதற்குச் சான்று இருக்கும்.

பணிப்பதிவேட்டை வருடம் ஒருமுறையாவது பாருங்கள். ஈட்டிய விடுப்பைக் கொடுத்துப் பணம் வாங்கும் சரண்டர் 2020 ஏப்ரலில் சில ஆண்டுகளுக்கு நின்றுபோனது. அந்த ஆண்டுகளின் விடுப்புக் கணக்கு சரியாக ஏறியிருக்கிறதா என்று சரிபாருங்கள். ஓய்வு பெறும்போது 240 நாள் வரை அதில்தான் பணம் கிடைக்கும்.

கடைசியாக, மனுதாரரிடம் எரிந்து விழாதீர்கள். இதுதான் என்னை அதிகம் உறுத்துவது. முதியோர் உதவித்தொகை கேட்டு வரும் அம்மாவுக்கு நம் காலிப்பணியிடக் கணக்கு தெரியாது. அன்றைய கூலியை விட்டுவிட்டு, பஸ்ஸுக்குக் காசு கொடுத்து வந்திருப்பார். "நாளைக்கு வாங்க" என்று சொல்லாமல், மனு எந்த இருக்கையில் இருக்கிறது, என்றைக்கு வந்தால் வேலை முடியும் என்று ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுங்கள். அந்தத் தேதியை உங்கள் நாட்குறிப்பிலும் குறித்துக்கொள்ளுங்கள்.